நன்றி மறக்கும் பயிற்சி

தேர்தலுக்கு முன்னால் அரசாங்கம் ஒரு பொருளை இலவசமாகக் கொடுத்தால் அது நலத்திட்டமா, லஞ்சமா என்று நீதிமன்றங்கள் ஒரு தலைமுறைக் காலம் யோசித்தன. மிக்சி கொடுத்த நாளில் தொடங்கிய யோசனை, அந்த மிக்சிகளெல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போன பிறகும் முடியவில்லை. கடைசியில் தீர்ப்பு வந்தது. கொடுப்பதில் தப்பில்லை, வாங்குவதிலும் தப்பில்லை. வாங்கியவர் அந்த நன்றியோடு போய் ஓட்டுப் பொத்தானை அழுத்தினால்தான் ஊழல்.

விருதுநகர் பஜாரில் இதைக் கேட்டுவிட்டு எல்லோரும் சிரித்தார்கள். சரக்கை விட்டுவிட்டு, சரக்கு வாங்கியவன் மனசை நிறுக்கச் சொல்கிறார்களே, அதற்குத் தராசு எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள்.

அடுத்த தேர்தலுக்குள் தராசு வந்துவிட்டது. நன்றிமானி என்று பெயர்.

அதைப் பற்றிப் பேசத்தான் ஆளுங்கட்சியின் வட்டப் பொறுப்பாளர் காளிராசன் ஒரு மத்தியானம் தங்கப்பழம் அண்ணாச்சியின் வத்தல் மண்டிக்கு வந்தான். அண்ணாச்சி அப்போது சாக்கிலிருந்து ஒரு கை மிளகாய் வத்தலை அள்ளி, மூக்கருகே கொண்டுபோய், முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். முதல் தரமான வத்தல் அது. முதல் தரத்தைப் பார்த்தால்தான் அவர் அப்படிச் சுளிப்பார்.

"அண்ணாச்சி, ஒரு ஒத்தாசை."

"ஒத்தாசைன்னா காசு கிடையாதுன்னு அர்த்தம். உக்காரு, டீ மட்டும் சொல்றேன்."

"காசு உண்டு அண்ணாச்சி."

"அப்ப வடையும் சொல்றேன்."

வடையைப் பிய்த்தபடி காளிராசன் விளக்கினான். "பூத்துல பித்தளைக் கைப்பிடி ஒண்ணு வச்சிருக்காங்க. ஓட்டுப் போட வர்றவங்க இடது கையால அதப் பிடிச்சுக்கிடணும். திரையில வேட்பாளர் படமெல்லாம் வரிசையா வரும். பயத்துக்கு ஒரு துடிப்பு, கோவத்துக்கு ஒரு துடிப்பு, நன்றிக்கு ஒரு துடிப்புன்னு அது பிரிச்சுப் பாக்குமாம். நம்ம அமைச்சர் இளம்பரிதி படம் வரும்போது நன்றித் துடிப்பு வந்துச்சுன்னா அந்த ஓட்டு செல்லாது."

"அம்புட்டுத்தானே?"

"எங்க அம்புட்டு? குடுத்த பொருள ஊழலுக்குச் சாட்சின்னு அங்கயே பிடுங்கிக்கிடுவாங்க. பத்துக்கு ஒரு கை துடிச்சா வேட்பாளரே அவுட்டு."

"ஓட்டுப் போடவே போகாட்டி?"

"பொருள் வாங்குனவங்க கட்டாயம் போகணும். போகலேன்னா துடிச்சதாத்தான் எடுத்துக்கிடுவாங்க."

அண்ணாச்சி வத்தலைச் சாக்கில் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். "ஆக, நீங்க குடுத்த சாமானுக்கு ஜனங்க நன்றியோட இருந்தா நீங்க தோத்துருவீங்க."

"ஆமா அண்ணாச்சி."

"நல்ல யாவாரம்யா. என் ஆயுசுல கேட்டதில்ல."

கட்சி தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்திருந்தது. பொருள் விநியோகிக்கும் இடத்தில் யாரும் சிரிக்கக் கூடாது என்று உத்தரவு. வெயிலில் நிற்கவைத்து, நான்கு முறை திருப்பி அனுப்பி, ஐந்தாவது முறை வள்ளென்று விழுந்து கொடுத்தார்கள். முன்பெல்லாம் கும்பிட்டுச் சிரிக்கும் படத்தைப் பொருளின் மேல் ஒட்டுவார்கள். இப்போது அமைச்சர் முறைத்துப் பார்க்கும் படம். அப்படியும் இந்த ஜனங்கள் உள்ளுக்குள் நன்றியோடு இருந்து தொலைத்தார்கள். அதற்குத்தான் அண்ணாச்சி தேவைப்பட்டார்.

மண்டியில் திரையில் ஓடும் விலை ஊருக்குக் காட்டத்தான். உண்மையான விலை இன்னமும் துண்டுக்குள்தான் பேசப்பட்டது. வாங்குபவர் கையும் விற்பவர் கையும் துண்டுக்குள் போகும். விரலைப் பிடித்தால் ஒரு தொகை, அழுத்தினால் ஒரு தொகை. பார்க்கிறவர்களுக்கு இரண்டு பேர் சும்மா கைகொடுத்துக்கொண்டு ஆகாயம் பார்ப்பது போலிருக்கும். தங்கப்பழம் அதில் பெரிய கை. எதிராளியின் விரல் லேசாகத் துடித்தாலே அவனுக்குச் சரக்கின் மேல் ஆசை என்று பிடித்துவிடுவார். உடனே விலை ஏறும். அவர் அகராதியில் துடிப்புக்கு வேறு அர்த்தம் கிடையாது.

"வார்டு ஆளுங்களத் தினம் அனுப்பி வைக்கிறேன். துண்டுக்குள்ள கையப் பிடிச்சுக்கிட்டு அமைச்சர் படத்தக் காட்டுங்க. துடிப்பு நிக்கிற வரைக்கும் பழக்கி விடுங்க" என்றான் காளிராசன்.

அண்ணாச்சி கூலியை இரண்டு மடங்கு ஏற்றிச் சொல்லி, ஒன்றரை மடங்குக்கு இறங்கி, பெரிய நஷ்டம் என்ற முகத்தோடு ஒத்துக்கொண்டார்.

பயிற்சி சுலபமானதுதான். விற்கிறவன் முன்னால் வாங்குகிறவன் சரக்கை மட்டம் தட்டுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார். "சைக்கிள் குடுத்தாங்களா? செயின் கழண்டு நடுரோட்டுல நிக்கிறதா நினைச்சுக்க. நினைச்சுட்டியா? இப்ப அந்தாளு மொகத்தப் பாரு." ஆட்டோக்காரர்கள், பள்ளிக்கூட ஆயாக்கள், பெட்டிக் கடைக்காரர்கள் என்று வந்தார்கள். இரண்டு மூன்று தடவையில் பழகிவிட்டார்கள். கை கல் மாதிரி ஆனதும் எழுந்து, ஒரு வார்த்தை சொல்லாமல் போனார்கள். நன்றி சொன்னால் பயிற்சி கெட்டுவிடும் என்று அவரே சொல்லியிருந்தார்.

அந்தத் தேர்தல் காலத்தில் ஊரே அப்படித்தான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மோர் கொடுத்தால்கூட, அவர் மச்சான் எந்தக் கட்சி என்று விசாரித்துவிட்டுத்தான் குடித்தார்கள். பிறகு குடிப்பதையும் விட்டார்கள், கொடுப்பதையும் விட்டார்கள். அண்ணாச்சிக்கு இதனால் பெரிய மாற்றமில்லை. மனைவி போன பிறகு மண்டிக்கு மேலே இருந்த வீட்டில் அவர் ஒண்டிதான். மகள் நார்வேயில். ஞாயிற்றுக்கிழமை சுவர்த்திரையில் வந்து உட்கார்ந்து, "சாப்ட்டீங்களாப்பா?" என்பாள். சாப்பிட்டேன் என்பார். சுவர் பழையபடி சுவராகிவிடும். பிறகு எழுந்து போய் உப்புமா கிண்டுவார்.

சுடலைவடிவு வந்தபோது ஆளுக்கு முன்னால் சத்தம் வந்தது. அடிக்கொரு தரம் மெல்லிய மோட்டார் முனகல். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை கறுப்பு விலா எலும்புகள் போலக் கம்பிகள். தொடைப் பக்கத்தில் முறைக்கும் அமைச்சர். இந்தத் தேர்தலுக்காக நடக்க முடியாதவர்களுக்குக் கொடுத்தது. அதற்குத் திட்டத்தில் ஏதோ நீளமான பெயர் உண்டு. ஜனங்கள் கவர்மென்ட்டுக் கால் என்றார்கள்.

"பேரு?"

"சுடலைவடிவு. வடிவுன்னு கூப்பிடுவாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "கூப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க" என்று திருத்தினாள்.

ஐம்பத்தைந்து வயதிருக்கும். மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் உட்கார்ந்து வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தவள். பஸ் கவிழ்ந்ததில் இடுப்புக்குக் கீழே பலம் போயிற்று. வீடு ஹவுசிங் போர்டில் நாலாவது மாடி.

"லிப்ட் இருக்குமே?"

"இருக்கு அண்ணாச்சி. நம்ம எம்.எல்.ஏ. மாதிரி, அஞ்சு வருசத்துக்கு ஒருக்காதான் கீழ எறங்கும்."

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்தது. வாடிக்கையாளர் முன்னால் சிரிக்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது. இருமலாக மாற்றிக்கொண்டு துண்டை விரித்தார். வடிவு கையை உள்ளே விட்டாள். காம்பு கிள்ளிக் கிள்ளிக் காய்ப்பேறிய விரல்கள். அவர் பிடித்ததுமே அந்தக் கை துடித்தது, வலையில் விழுந்த கெண்டை போல.

"என்னம்மா, படத்தயே இன்னும் காட்டல, அதுக்குள்ள இந்தக் குதி குதிக்குது?"

அவள் வேறு பக்கம் பார்த்தாள். "கூச்சமா இருக்கு அண்ணாச்சி."

"அமைச்சரப் பாக்கவா?"

"அந்தாளப் பாக்க எனக்கென்ன கூச்சம்?"

படத்தைக் காட்டினார். துடிப்பு நிற்கவில்லை. இவ்வளவு நன்றியை அவர் எந்தக் கையிலும் பார்த்ததில்லை. பெரிய சிக்கலான கேஸ் என்று முடிவு கட்டினார்.

"காலுல ஒரு குறை சொல்லு பாப்போம்."

"ஒரு குறையும் இல்ல."

"குறையில்லேன்னு சொல்ற ஆளு பஜாருக்குள்ளயே வரப்படாதும்மா. தேடு."

வடிவு தேடினாள். "படியேறும்போது முனகுது."

"அப்படிச் சொல்லு! முனகுது. ஓட்டக் காலு. தலைவலி."

"முனகட்டும் அண்ணாச்சி. வீட்டுல வேற யாரு சத்தம் போடுறா?"

மறுநாள் வரச் சொன்னார். அதற்கு மறுநாளும். மற்றவர்களுக்கெல்லாம் பயிற்சி காலையில். வடிவுக்கு மட்டும் மண்டி வேலை ஓய்ந்த சாயங்காலம், கூட்டமில்லாத நேரத்தில் நுணுக்கமாகச் செய்ய வேண்டும் என்று. டீக்கடையில் இரண்டு டீ சொன்னார். தனக்கு ஒன்று, பயிற்சிக்கு ஒன்று.

அவள் பேசினாள். அந்த நாலாவது மாடியில் மூன்று வருஷம் ஜன்னலைத் தவிர ஒன்றுமில்லை என்றாள். ஜன்னலுக்கு எதிரே இன்னொரு பிளாக்கின் தண்ணீர்க் குழாய். கால் வந்த அன்று கீழே இறங்கி, ரோட்டைக் கடந்து, கடையில் நின்றுகொண்டே டீ குடித்தாளாம். "பெஞ்சு காலியா இருக்கு, உக்காருங்கம்மான்னு கடைக்காரர் சொல்றாரு. மாட்டேன்னுட்டேன். உக்காந்து உக்காந்துதான் அலுத்துப் போச்சே."

"இந்தக் கதைய நீ பூத்துல நினைச்சே, தீர்ந்துச்சு" என்றார் அண்ணாச்சி. கை துண்டுக்குள் துடித்துக்கொண்டேதான் இருந்தது. அது நின்றுவிட வேண்டும் என்று அவர் முழு மூச்சாகப் பாடுபட்டார். சாயங்காலம் அவள் வரும் முனகல் சத்தம் தெருமுனையில் கேட்கும்போது, இன்றைக்கும் நிற்காது என்று அவருக்கு ஏனோ நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதிக்குக் காரணம் தேட அவர் போகவில்லை.

வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் காளிராசன் வந்தான். "எல்லாக் கையும் ரெடியா அண்ணாச்சி?"

"ஒண்ணத் தவிர."

"யாரு, அந்த நாலாவது மாடியம்மாவா? அய்யய்யோ. காலக் கழட்டிருவாங்களே. பூத்துக்குள்ள மெஷினுக்குப் பக்கத்துலயே ஸ்பேனரும் கையுமா ஒருத்தன உக்கார வச்சிருக்காங்க."

"அங்கயே கழட்டுனா அவ எப்படிய்யா வீட்டுக்குப் போவா?"

"அது தேர்தல் விதியில இல்ல அண்ணாச்சி."

அன்று மத்தியானம் அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்பேனர் ஆள் கண்ணுக்குள் உட்கார்ந்திருந்தான். மறுபடியும் அந்த ஜன்னல், அந்தத் தண்ணீர்க் குழாய். அவர் யோசித்தார், தனக்குத் தெரிந்த வழியில்தான் யோசித்தார். ஒரு வியாபாரிக்கு ஒரு மூட்டையின் மேல் ஆசை விழுந்துவிட்டால், அந்த மூட்டையை எவ்வளவு திட்டினாலும் ஆசை போகாது. பக்கத்தில் வேறொரு மூட்டையை அவிழ்த்துக் காட்ட வேண்டும். ஆசை அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். நன்றியும் அப்படித்தானே இருக்கும்? அவளுடைய நன்றியை வேறு யார் மேலாவது சாய்த்துவிட்டால் அமைச்சர் படம் வரும்போது கை சும்மா கிடக்கும். வேறு யார் மேல் என்று தேடினார். கைக்கெட்டிய தூரத்தில் ஒரே ஆள்தான் இருந்தார்.

சாயங்காலம் வடிவு வந்தாள். துண்டு விரித்தார். கை துடித்தது.

"வடிவு, ஒரு விசயம் சொல்லணும். சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். கால் குடுக்குற லிஸ்ட்டுல உம் பேரு கிடையாது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"கிட்டங்கி ஆளுங்க உன்னப் பத்திச் சொன்னாங்க. மனசு கேக்கல. நாந்தான் ஆளப் பிடிச்சு, காசக் கட்டி, உம் பேர்ல ஒண்ணு வாங்கிவிட்டேன். அமைச்சருக்கும் இதுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. படத்தப் பாக்கும்போது அத மட்டும் நினைச்சுக்க. இது தங்கப்பழம் குடுத்த காலு."

சொல்லி முடித்தபோது துண்டுக்குள் ஏதோ நின்றுபோனது. துடிப்பு நின்றுபோனது. இத்தனை நாளில் முதல் முறையாக அந்தக் கை மற்றவர்கள் கையைப் போல, கல்லாக, குளிர்ந்து கிடந்தது. ஜெயித்துவிட்டோம் என்று அண்ணாச்சிக்குப் புரிந்தது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

வடிவு கையை வெளியே எடுத்துக்கொண்டாள். "அப்பச் சரி" என்றாள். டீ வந்துகொண்டிருந்தது. அது வரும் வரை அவள் இருக்கவில்லை.

மறுநாள் வாக்குச்சாவடி ஒரு பள்ளிக்கூடத்தில். அண்ணாச்சி காலையிலேயே தன் ஓட்டைப் போட்டார். பித்தளைக் கைப்பிடி அவர் கையில் எந்த வேட்பாளருக்கும் எந்தத் துடிப்பையும் காணவில்லை. ஸ்பேனர்காரன் மரியாதையோடு எழுந்து வழிவிட்டான். வெளியே வந்து வாசலில் நின்றுகொண்டார். வெயில் ஏறியது. வடிவு வந்தாள்; அவரைப் பார்க்காதவள் போல உள்ளே போனாள். அண்ணாச்சி அந்த முனகல் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றார். சத்தம் நின்றது. உள்ளே இப்போது கைப்பிடியைப் பிடித்திருப்பாள். இப்போது படம் வந்திருக்கும். இப்போது ஸ்பேனர்.

மறுபடி முனகல் கேட்டது. வடிவு தன் காலில் நடந்து வெளியே வந்தாள். அண்ணாச்சி வெயிலுக்குள் இறங்கி எதிரே போனார்.

"என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. சைபர். இவ்வளவு சுத்தமான கைய நான் பாத்ததே இல்லன்னு அந்த மெஷின் பையன் சொல்றான்."

"பாத்தியா! நேத்து வரைக்கும் என்னா குதி! நான் அந்த ஒரு வார்த்த சொன்னேன், நின்னுச்சா இல்லயா? யாவாரத்துல ஒரு சூட்சுமம் இருக்கு, வடிவு…"

"நீங்க சொல்லலேன்னாலும் சைபர்தான் வந்திருக்கும்."

அவர் நிறுத்தினார்.

"பதினாறு வயசுலேருந்து வேல பாத்திருக்கேன். உப்பு வாங்குனா வரி, சோப்பு வாங்குனா வரி, செத்த என் வீட்டுக்காரருக்கு ஐஸ் பொட்டி எடுத்தா அதுக்கும் வரி. அந்தக் காசுல எனக்கு ஒரு காலு வந்துருக்கு. அதுவும் லேட்டா வந்துருக்கு. அதுக்குப் போயி அந்தாளப் பாத்து எனக்கு எதுக்குங்க கை துடிக்கணும்? எனக்குச் சேர வேண்டியது எனக்கு வந்துச்சு."

"அப்ப துண்டுக்குள்ள…"

"துண்டுக்குள்ள என்ன?"

"அம்புட்டு நாளும் துடிச்சுதே."

வடிவு அவரைப் பார்த்தாள். அனுதாபத்தோடுதான் பார்த்தாள். "விரலப் பிடிச்சே வெல சொல்ற ஆளுன்னு ஊரே சொல்லுது. என் கைய ஒரு ஆளு பிடிச்சு எத்தன வருசம் ஆச்சுன்னு ஒருத்தரும் கேக்கல. நீங்களுமா கேக்கல?"

ஓட்டுப் போட வந்தவர்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு போனார்கள். அண்ணாச்சிக்குக் காது சூடாகிவிட்டது. ஐம்பது வருஷ அனுபவத்தில் ஒரு மூட்டையை இவ்வளவு தப்பாக அவர் மதித்ததில்லை.

"நேத்து நான் சொன்னது…" என்று ஆரம்பித்தார்.

"பொய்யி. சொல்லும்போதே தெரியும். கால் குடுத்த அன்னைக்கு லிஸ்ட்டுல முதப் பேரு என்னோடதுதான். மைக்குல கத்துனானுக, நாலு தெருவுக்குக் கேட்டுச்சு." அவள் குரலை உயர்த்தவில்லை. "மொத எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. அப்புறம் வரல. அமைச்சரு என் காசுல வாங்குன காலுல அவரு படத்த ஒட்டுனாரு. நீங்க அதே காலுல உங்க பேர ஒட்டுனீங்க. ரெண்டும் ஒரே பசைதான?"

"உன் காலு போயிரக் கூடாதுன்னுதான் வடிவு."

"நம்புறேன். அதுக்கு மட்டும்தான்னு சொல்லுங்க, அதயும் நம்புறேன்."

அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

"அவருக்கு ஓட்டு வேணும், அதுக்காக ஒட்டுனாரு. அது தெரிஞ்ச கதை. உங்களுக்கு என்ன வேணும்?"

நேற்று வரை அண்ணாச்சி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இன்று வாசலில் ஒரு தடவையும் அந்த வார்த்தை வரவில்லை. அதை இப்போதுதான் கவனித்தார்.

தனக்கு என்ன வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். சொல்ல நாலு வார்த்தை போதும். ஆனால் மண்டியில் முதலில் வாயைத் திறந்து தொகை சொன்னவன் கெட்டான். எதிராளி சொல்லட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆகாயம் பார்க்க வேண்டும். பத்து வயதில் மண்டியில் உட்கார்ந்ததிலிருந்து அவர் வேறு மாதிரி இருந்ததில்லை. வாய் தானாக மூடிக்கொண்டது. முகம் தானாகச் சுளித்துக்கொண்டது, முதல் தரச் சரக்கைப் பார்த்தது போல.

வடிவு அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நிறைய நேரம் கொடுத்தாள். வரிசையில் நின்ற ஒருவர் இருமினார். பள்ளிக்கூடச் சுவரில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து, பிறகு எழுந்து போனது.

"சரிங்க" என்றாள். திரும்பி நடந்தாள்.

போகட்டும் என்று அண்ணாச்சி நின்றார். பேரம் படியாதவர்கள் கோபித்துக்கொண்டு போவதும் பேரத்தில் ஒரு பகுதிதான். கடையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போவார்கள், ஒரு முறை திரும்பிப் பார்ப்பார்கள், அப்போது கூப்பிட்டால் படிந்துவிடும். அதற்கு முன்னால் கூப்பிடுபவன் முட்டாள். அவள் திரும்பும் நேரத்துக்காக அவர் முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டார். கூப்பிட வேண்டிய பெயரை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டார். முனகல் சத்தம் டீக்கடையைத் தாண்டியது, மருந்துக் கடையைத் தாண்டியது, தெருமுக்குக்குப் போய்ச் சேர்ந்தது.

அரசாங்கம் கொடுத்ததுதான் என்றாலும் கால்கள் நன்றாக வேலை செய்தன. எங்கேயும் நிற்காமல், எங்கேயும் திரும்பாமல், அவளைக் கொண்டுபோயின.